இணையத்தில் தமிழ்நூல் தேடலும் பதிவிறக்கமும் – தொடக்க நிலை மாணவர்க்குச் சில நெறிகள்

முன்னுரை

அண்ணல் நபி (ஸல்) அவர்களுக்கு அருளப்பெற்ற முதல் இறைவசனம் ஓதுதலையும் எழுதுகோலையும் போற்றித் தொடங்குவது உலகறிந்த செய்தியாகும். ஓதுவதற்கு நூல் வேண்டும். நூலுக்கு நூலகம் வேண்டும். தென்காசி, கடையநல்லூர், செங்கோட்டைப் பகுதியிலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவர் ஒருவர், சீறாப்புராணத்தின் பழைய பதிப்பொன்றைப் பார்க்க விரும்பினால் முன்னாளில் சென்னைக்கோ மதுரைக்கோ பயணம் செய்ய வேண்டியிருந்தது. இன்று அந்நிலை பெரிதும் மாறிவிட்டது. கையிலுள்ள கைப்பேசியே நூலகத்தின் வாயிலாக நிற்கிறது. எனினும் வாயில் திறந்திருப்பது வேறு. உள்ளே சென்று வேண்டிய நூலை எடுத்து வருவது வேறு. தேடத் தெரியாதவர் “அந்நூல் இணையத்தில் இல்லை” என்று எழுதிவிடுகிறார். தேர்ந்தெடுக்கத் தெரியாதவர் கண்டதையெல்லாம் மெய்யெனக் கொண்டு எழுதிவிடுகிறார். இவ்விரண்டுமே ஆய்வுக்குக் கேடு பயப்பன. இக்கேடுகளைத் தவிர்க்கும் சில எளிய நெறிகளை இக்கட்டுரை எடுத்துரைக்க முற்படுகிறது.

இணையத்தில் தமிழ்

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு 1995ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள், விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனத்தின் வாயிலாகக் கிடைத்தது. அதன்பின் மூன்றாண்டுகளுக்குள், 1998ஆம் ஆண்டு தைப்பொங்கல் நாளில், மதுரைத் திட்டம் தொடங்கப்பெற்றது. சுவிட்சர்லாந்தில் வாழும் முனைவர் கு. கல்யாணசுந்தரம் அவர்களின் முன்முயற்சியில், பல நாடுகளில் வாழும் தமிழர் ஊதியம் எதிர்பாராது பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்தும் மெய்ப்புப் பார்த்தும் வழங்கினர். 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் என்னும் பெயரில் தோன்றி, இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என வழங்கும் அரசு நிறுவனம், இலக்கியங்களை உரைகளோடும் அகராதிகளோடும் தருகிறது. அதன் மின்னூலகம் 2017 முதல் அரிய அச்சு நூல்களையும் இதழ்களையும் ஓலைச்சுவடிப் படங்களையும் வழங்கி வருகிறது. இலங்கைத் தமிழ்பேசும் மக்களின் வெளியீடுகளைத் திரட்டும் ‘நூலகம்’ என்னும் திட்டம் 2005இல் தோன்றியது. அந்நாட்டு முஸ்லிம்களின் நூல்களையும் மலர்களையும் இதழ்களையும் அதிற் காணலாம். 1996இல் அமெரிக்காவில் நிறுவப்பெற்ற இன்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் பன்னாட்டு ஆவணகத்திலும் படியெடுக்கப்பெற்ற தமிழ்நூல்கள் மிகப்பல உள்ளன. தேடலைத் தொடங்கும் மாணவர் இந்நான்கு களஞ்சியங்களின் பெயர்களையும் முதலில் மனத்திற் பதித்துக்கொள்ளுதல் நலம்.

தேடுபொறியின் இயல்பு

தேடுபொறி என்பது நாம் கேட்டவுடன் உலகமெங்கும் ஓடிச் சென்று தேடுவதன்று. அது முன்னரே பல கோடிப் பக்கங்களைப் படித்து, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் உள்ளது என்று அடைவு செய்து வைத்திருக்கிறது. தமிழ்த்துறையினர்க்கு இது புதிய கருத்தன்று. சங்க இலக்கியச் சொல்லடைவைக் கையாண்ட எவர்க்கும் இது விளங்கும். அடைவில் ஏறாத பக்கம் தேடலில் வாராது. ஆகவே தேடுபொறி காட்டவில்லை என்பதனால் நூல் இல்லை என்று முடிவு கட்டலாகாது. மேற்கூறிய களஞ்சியங்களின் முகப்பிலுள்ள தேடுகட்டத்தில் தனித்தனியே தேடிப் பார்த்தல் வேண்டும்.

அடைவில் ஏறாமைக்குக் காரணங்கள் சில உண்டு. முதலாவது, படமாக எடுக்கப்பெற்ற நூல். ஒரு பக்கத்தை ஒளிப்படமாக மட்டும் பதிந்திருந்தால், அதிலுள்ள எழுத்துகள் கணிப்பொறிக்கு வெறுங் கோடுகளே. எழுத்துணரி கொண்டு படத்தைச் சொல்லாக மாற்றினால்தான் உள்ளே தேட இயலும். தமிழ்நாட்டரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் அச்சான நூல்களில் ணை, லை, றா, னா முதலிய எழுத்துகள் பழைய வடிவில் இருப்பதால், எழுத்துணரி அவற்றைப் பிறழ உணர்தலும் உண்டு. இரண்டாவது, பழைய குறியீட்டு முறை. ஒருங்குறி பரவலாவதற்கு முன் தமிழில் பலவகை எழுத்துருக்கள் தனித்தனிக் குறியீடுகளோடு வழங்கின. அவற்றுள் அமைந்த பக்கங்கள் இன்று பொருளற்ற குறிகளாய்த் தோன்றும். அவ்வாறு தோன்றும் பக்கத்தைக் கண்டால் அதைப் பழுது என்று ஒதுக்காமல், எழுத்துரு மாற்றி வழியாக ஒருங்குறிக்கு மாற்றிப் படிக்கலாம். தமிழ்நாட்டரசு 2010இல் ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. ஆதலால் மாணவர் தம் கட்டுரைகளையும் ஒருங்குறியிலேயே தட்டச்சு செய்தல் வேண்டும். அப்பொழுதுதான் நாளை பிறர் தேடும்போது அவை கிடைக்கும்.

சொல்லைத் தேர்தல்

“குற்றாலம்” என்று மட்டும் இட்டுத் தேடினால் அருவியும் சாரற் பருவமும் தங்கும் விடுதிகளும் திரண்டு வரும். மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயரைத் தேடி வந்தவர்க்கு அவற்றாற் பயனில்லை. எனவே பொதுச்சொல்லை விடுத்துச் சிறப்புச் சொல்லை இடுதல் முதல் நெறியாகும். “குற்றாலம்” என்பதனோடு “குறவஞ்சி”, “தலபுராணம்”, “திரிகூடம்” என்பவற்றுள் ஒன்றைச் சேர்த்தாலே இலக்கியம் முன்னே வந்து நிற்கும்.

இரண்டாம் நெறி, தொடரை இரட்டை மேற்கோட் குறிக்குள் இடுதல். அவ்வாறு இட்டால் அச்சொற்கள் அதே வரிசையில் அமைந்த பக்கங்களையே பொறி தேடும். ஆயின் தமிழிற் சந்தி இதற்கு இடையூறாகும். “குற்றாலக் குறவஞ்சி” என வல்லினம் மிக்கும், மிகாமலும் எழுதுவோர் உளர்; சேர்த்தெழுதுவோரும் உளர். ஆகவே வடிவத்தை மாற்றி மாற்றித் தேடுக. செய்யுள் அடியைத் தேடும்போது முழு அடியையும் இடாமல், புணர்ச்சியால் திரியாத இரண்டு மூன்று சொற்களை மட்டும் இடுதல் பயன் தரும். ஒரு பதிப்பு சீர் பிரித்தும் மற்றொன்று சந்தி பிரித்தும் அச்சிட்டிருக்கும் என்பதை மறத்தலாகாது.

மூன்றாம் நெறி, வேண்டாததை விலக்குதல். விலக்க வேண்டிய சொல்லின் முன் இடைவெளியின்றிக் கழித்தற்குறி இட்டால், அச்சொல் வரும் பக்கங்கள் நீங்கும். “குற்றாலம்” என்பதன்பின் கழித்தற்குறியோடு “விடுதி” என்று சேர்த்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும்.

நான்காம் நெறி, ஒரு தளத்திற்குள் மட்டும் தேடுதல். ‘சைட்’ என்னும் ஆங்கிலச் சொல்லை எழுதி, முக்காற்புள்ளி இட்டு, இடைவெளியின்றித் தளத்தின் முகவரியை எழுதி, பின் ஓர் இடைவெளி விட்டுத் தேடுசொல்லை எழுதுக. இவ்வாறே ‘பைல்டைப்’ என்பதனோடு முக்காற்புள்ளியும் ‘பிடிஎஃப்’ என்பதும் சேர்த்தால், அவ்வகைக் கோப்புகளே வரும். இக்கட்டளைச் சொற்களை ஆங்கில எழுத்திலேயே இடல் வேண்டும்.

ஒரு பெயர், பல வடிவம்

இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தில் தேடுவோர்க்குப் பெருந்தடை பெயர்களின் எழுத்து வேறுபாடே. தென்காசியிற் பிறந்து தக்கலையில் அடங்கப்பெற்ற ஞானி பீர்முகம்மது அப்பா அவர்களை எடுத்துக்கொள்வோம். முகம்மது, முகமது, முஹம்மது, முகம்மது சாகிபு எனப் பலவாறு எழுதப்பெறும் இப்பெயர் மக்கள் வழக்கில் “பீரப்பா” என்றும் சுருங்கும். ஒரு வடிவத்தை மட்டும் தேடுபவர் நான்கில் ஒரு பங்கையேனும் காண்பாரோ என்பது ஐயமே. மேலும் இதே பெயர் தாங்கிய பிற்கால எழுத்தாளர்களும் இடையே வந்து நிற்பர். இங்கு நூற்பெயர் கைகொடுக்கும். “ஞானப்புகழ்ச்சி”, “ஞானமணிமாலை”, “ஞானக்குறம்” என்பவற்றுள் ஒன்றையும் “தக்கலை” என்னும் ஊர்ப்பெயரையும் சேர்த்தால் தேடல் நேர்ப்படும். குற்றாலக் குறவஞ்சியைப் பயிலும் மாணவர், அதே மண்ணிற் பிறந்த ஞானியொருவரும் குறம் என்னும் இலக்கிய வகையை மெய்ஞ்ஞானம் உரைக்கக் கையாண்டார் என்பதை இத்தேடலால் அறிவாராயின், அஃது ஓர் ஆய்வுத் தலைப்பே ஆகிவிடும்.

சீறாப்புராணத்திற்கும் இது பொருந்தும். “சீறா” என ஒரு சொல்லாகவும், “சீறாப் புராணம்” எனப் பிரித்தும் தேடுக. அதன் மூன்றாம் காண்டம் ஹிஜ்ரத்துக் காண்டம் என்றும், கிரந்த எழுத்து நீக்கி வேறு வடிவிலும் எழுதப்பெறும். இஸ்லாம் என்பதும் இசுலாம் என்பதும் பொறிக்கு இருவேறு சொற்களாய்த் தோன்றக் கூடும்.

ஊர்ப்பெயருக்கும் வரலாறு உண்டு. தென்காசி மாவட்டம் 2019ஆம் ஆண்டு நவம்பரில் தோன்றியது. அதற்கு முற்பட்ட ஆவணங்களில் இவ்வூர்கள் திருநெல்வேலி மாவட்டத்தின்கீழ் வரும். 1986க்குப் பின் சில ஆண்டுகள் நெல்லைக் கட்டபொம்மன் மாவட்டம் என்னும் பெயரும் வழங்கியது. செங்கோட்டையோ 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரைச் சார்ந்த பகுதி. அதன் பழைய செய்திகளைச் சென்னை மாகாண ஆவணங்களில் மட்டும் தேடுபவர் வெறுங்கையோடு திரும்புவார். குற்றாலம் என்பதற்கு ஆங்கிலேயர் இட்ட எழுத்துக்கூட்டல் “கோர்ட்டாலம்” என்று படிக்கத்தக்கதாய் உள்ளது. அவ்வடிவிலும் தேடுதல் வேண்டும்.

பதிவிறக்கம்

நூல் கிடைத்தபின் அதனை நம் கருவிக்குக் கொணர்தல் பதிவிறக்கம் ஆகும். முதலிற் கோப்பின் அளவை நோக்குக. தட்டச்சு செய்யப்பெற்ற நூல் சில நூறு கிலோபைட்டுகளில் அடங்கும். அதே நூலின் பக்கப்படங்கள் பல மெகாபைட்டுகள் ஆகும். 1990களின் இறுதியில் தொலைபேசி வழி இணைப்பு, மிகச் சிறந்த நிலையிலும், நொடிக்கு 56 கிலோபிட் அளவே தந்தது. எட்டுப் பிட்டு ஒரு பைட்டு ஆதலின், அது நொடிக்கு 7 கிலோபைட்டு. 20 மெகாபைட்டு நூலொன்றை இறக்க ஏறத்தாழ 48 நிமிடம் ஆகும். நொடிக்கு 20 மெகாபிட் தரும் இணைப்பில் அதே நூல் 8 நொடியில் வந்து சேரும். பிட்டு, பைட்டு என்னும் இவ்வேறுபாட்டை அறியாதார், தம் இணைப்பு பழுதுற்றதென வீணே வருந்துவர்.

இறக்கும்போது கருத்திற் கொள்ள வேண்டியன:

1. “பதிவிறக்குக” என ஒளிரும் பெரிய பொத்தான்கள் பல விளம்பரங்களே. நூற்பெயரும் கோப்பின் வகையும் அளவும் குறிக்கப்பெற்ற இணைப்பையே தொடுக.

2. கோப்பின் பெயரின் ஈற்றை நோக்குக. நூலென்று சொல்லி ‘இஎக்ஸ்இ’ அல்லது ‘ஏபிகே’ என முடியும் கோப்பு வருமாயின் அது நூலன்று. கருவியில் நிறுவப்படும் செயலி. அதனைத் திறவாது நீக்குக.

3. நூல் தருவதாகக் கூறி வங்கி விவரமோ கடவுச்சொல்லோ கைப்பேசிக்கு வரும் மறைகுறி எண்ணோ கேட்கும் தளத்தை விட்டு உடனே விலகுக.

4. இறக்கிய கோப்பைத் திறந்து முதற் பக்கம், இறுதிப் பக்கம், இடையிற் பக்க எண் தொடர்ச்சி ஆகியவற்றைச் சரிபார்க்க. பக்கம் விடுபட்ட படிகள் பல உள்ளன.

5. எண்களாலான பெயரோடு வரும் கோப்பிற்கு ஆசிரியர், நூல், பதிப்பாண்டு என்னும் முறையிற் புதுப்பெயர் இடுக. மற்றோரிடத்திலும் ஒரு படி சேமிக்க.

மெய்ம்மை காணல்

தேடலினும் பதிவிறக்கத்தினும் தலையாயது கிடைத்ததன் மெய்ம்மையை ஆராய்தல். இதற்கு நம் மரபிலேயே சிறந்த வழிகாட்டுதல் உண்டு. ஹதீஸ் கலை அறிஞர்கள் ஒரு செய்தியை ஏற்குமுன் அதனை அறிவித்தவர் யார், அவர் யாரிடம் கேட்டார், இருவரும் ஒரு காலத்தவரா, நினைவாற்றலும் நேர்மையும் உடையவரா என்று தொடர் முழுவதையும் ஆராய்ந்தனர். அறிவிப்பாளர் தொடரில் ஒரு கண்ணி அறுந்தாலும் அதனைக் குறித்து வைத்தனர். கி.பி. 870இல் மறைந்த இமாம் புகாரி அவர்களின் பெருந்தொகுப்பு இந்நெறியின் சிகரமாகும்.

இணையப் பக்கத்தையும் இவ்வாறே வினவுக. எழுதியவர் யார்? எந்தப் பதிப்பிலிருந்து எடுத்தார்? பக்க எண் தந்துள்ளாரா? நூல்முகம் காட்டப்பெற்றுள்ளதா? 17ஆம் நூற்றாண்டில் உமறுப்புலவர் இயற்றிய சீறாப்புராணத்தை 1842இல் செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் புலவர் முதன்முதலில் அச்சிற் கொணர்ந்தார். அதன்பின் பதிப்புகள் பல வந்தன. பதிப்பைச் சுட்டாது ஒரு பாடலை எடுத்தாளுதல், அறிவிப்பாளர் பெயரின்றிச் செய்தி கூறுதலை ஒக்கும். வாட்ஸ்அப் வழியே உலவும் பாடல்களும் பொன்மொழிகளும் பெரும்பாலும் இத்தகையனவே. அண்மைக் காலத்துச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் கேட்டவுடன் அழகிய தமிழில் விடை தருகின்றன; எனினும் இல்லாத நூலையும் பாடாத பாடலையும் உள்ளது போலக் காட்டுதலும் அவற்றின் இயல்பு. அவை சுட்டும் நூலைத் தேடி, பக்கத்தைக் கண்ணாற் கண்ட பின்னரே கட்டுரையிற் சேர்த்தல் வேண்டும். பார்த்த பக்கத்தின் முகவரியையும் பார்த்த நாளையும் குறித்து வைத்தலும் இன்றியமையாதது. பக்கம் பின்னர் மறைந்துவிட்டால், இன்டர்நெட் ஆர்க்கைவின் பழம்பக்கச் சேமிப்பில் அம்முகவரியை இட்டு மீட்க வாய்ப்புண்டு.

உரிமையும் கடமையும்

கிடைப்பனவெல்லாம் எடுத்துக்கொள்ளத் தக்கன அல்ல. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன்படி, ஆசிரியர் மறைந்த ஆண்டிற்கு அடுத்த ஆண்டு தொடங்கி அறுபதாண்டு வரை உரிமை நிற்கும். குற்றாலத்தில் வாழ்ந்து தமிழ்ச்சுவை பரப்பிய ரசிகமணி டி.கே.சி. 1954இல் மறைந்தார், அவர் வாழ்நாளில் வெளிவந்த எழுத்துகள் 2015 முதல் பொதுவுடைமையாயின. அரசால் நாட்டுடைமை ஆக்கப்பெற்ற நூல்களையும் தடையின்றிப் பெறலாம். உரிமை நீங்காத நூலைத் திருட்டுத் தளத்திலிருந்து இறக்குதல், எழுத்தாளரின் உழைப்பைப் பறிப்பதாகும். பிறர் எழுத்தைப் பெயர் கூறாது தம் கட்டுரையில் ஒட்டுவதும் அதனோடு ஒத்ததே. அறிவு ஓர் அமானிதம். உரியவர் பெயரோடு ஒப்படைத்தலே அதற்கு அழகு.

முடிவுரை

எடுப்பதோடு நம் கடமை முடிவதில்லை. இப்பகுதியின் பழைய இல்லங்களிலும் பள்ளிவாசல்களிலும் மதரஸாக்களிலும் அரபுத்தமிழ் ஏடுகளும் முனாஜாத்து, மாலை, கிஸ்ஸா நூல்களும் பெட்டிக்குள் அடங்கிக் கிடத்தல் கூடும். செல்லரித்தபின் அவற்றை எந்தத் தேடுபொறியாலும் தேடித் தர இயலாது. சமுதாயப் பெரியோர்கள் அவற்றை மாணவர்க்குக் காட்டி, படியெடுக்க இசைவு தருவார்களாக. மாணவர்கள் நூற்பெயர், ஆசிரியர், ஆண்டு, வைத்திருப்போர் இசைவு ஆகியவற்றைக் குறித்து, தெளிவாகப் படமெடுத்து, துறை ஆசிரியர் வழியாக மேற்கூறிய களஞ்சியங்களுள் ஒன்றிற்கு வழங்குவார்களாக. பெயர் தெரியாத தொண்டர்கள் தட்டச்சு செய்தமையாலன்றோ இன்று நமக்கு நூல்கள் கிடைக்கின்றன! அவர்க்கு நாம் செலுத்தும் நன்றி, நாமும் ஒரு நூலையேனும் ஏற்றி வைப்பதே ஆகும்.