அடைபட்ட ஸ்பிரே டின்னுக்கு அடுப்புச் சூடு வேண்டாம்



தீபாவளி நெருங்கினால் நம் லயங்களில் பெயின்ட் வாசம்தான். சைக்கிளுக்கும் ஆட்டோவுக்கும் ஜன்னல் கம்பிக்கும் அடிக்க, பழைய ஸ்பிரே டின்னைத் தேடி எடுப்போம். அமுக்கினால் வராது.

கம்பளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் நாம் லயம் பார்க்கப் போனபோது, ஒரு காம்பிராவில் அடுப்போரம் இப்படியொரு டின் நின்றது. பக்கத்திலேயே பிள்ளை உட்கார்ந்து ரொட்டி சாப்பிடுகிறது. கேட்டதற்கு, “குளிருக்கு இறுகிப் போச்சுங்க ஐயா. சூடு காட்டினா வந்துரும்” என்றார் தகப்பன். அடுப்பை அணைத்து, டின் ஆறும்வரை எல்லோரையும் வெளியே நிற்க வைத்தோம். அன்று ஒன்றும் நடக்கவில்லை. எப்போதும் அப்படி இருக்குமா?

டின்னுக்குள் இருப்பது என்ன?

பெயின்டோடு, அதை வெளியே தள்ளும் கேஸும் அடைத்திருக்கிறது. முன்பு தீப்பிடிக்காத ஒரு வகை கேஸைப் பாவித்தார்கள். அது ஓசோன் படலத்தைக் கெடுப்பதால், 1987 மொன்றியல் உடன்படிக்கைக்குப் பிறகு கைவிடப்பட்டது. இப்போது பெரும்பாலும் இருப்பது புரொப்பேன், பியூட்டேன். நாம் சமைக்கும் கேஸும் அதுதான். சூடு ஏறினால் உள்ளே அழுத்தம் ஏறி டின் வெடிக்கும். 50 பாகைக்கு மேல் சூடு படக்கூடாது என்று டின்னிலேயே போட்டிருக்கும்.

அடைப்பை எடுப்பது எப்படி?

1. டின்னைக் குலுக்குங்கள். உள்ளே குண்டு சத்தம் கேட்காவிட்டால் பெயின்ட் அடியில் இறுகியிருக்கிறது. கை பொறுக்கும் இளஞ்சூட்டு நீரில் பத்து நிமிடம் வைத்து, பிறகு நன்றாகக் குலுக்குங்கள். கொதிநீர் கூடாது.

2. குண்டு ஆடியும் பெயின்ட் வராவிட்டால், அமுக்கும் பொத்தானில்தான் அடைப்பு. முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு அதை மேலே இழுத்துக் கழற்றி, கொஞ்சம் தின்னரில் ஊறப் போடுங்கள். கழற்றிய பொத்தானின் துளையை மெல்லிய ஊசியால் குத்தலாம். டின்னில் இருக்கும் துளையை ஒருபோதும் குத்த வேண்டாம்.

3. அதற்கும் வராவிட்டால் விட்டுவிடுங்கள். ஆணி அடிக்கவோ, வெட்டவோ கூடாது.

இந்த வேலையெல்லாம் வெளியில், நெருப்பில்லாத இடத்தில், பீடி சிகரெட் இல்லாமல்.

அடைக்காமல் இருக்க

அடித்து முடிந்ததும் டின்னைத் தலைகீழாகப் பிடித்து, வெறும் கேஸ் வரும்வரை சில விநாடி அமுக்குங்கள். பாதை சுத்தமாகிவிடும். இவ்வளவுதான் வேலை!

வெறும் டின்னிலும் கேஸ் மிச்சமிருக்கும். அடுப்பிலோ குப்பை எரிக்கும் இடத்திலோ போடாமல், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் தனியாக வைத்து, எம்மிடம் சொல்லுங்கள்.

தீக்காயம் பட்டால் பற்பசை, எண்ணெய் பூசாதீர்கள். பீலித் தண்ணீரில் 20 நிமிடம் பிடித்து, 1990 அம்பியூலன்ஸை அழையுங்கள், காசில்லை. கண்ணில் பெயின்ட் பட்டாலும் நல்ல தண்ணீரில் நெடுநேரம் கழுவி ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

புது டின் வாங்க காசு செலவுதான். பிள்ளையின் முகத்தை எந்தக் கடையில் வாங்குவோம்?