கேம்பர் வண்டியின் மூக்கை இரண்டரை அங்குலம் இறக்க

"வண்டியை இறக்கினேன், இப்போது ஒவ்வொரு பள்ளத்திலும் பல் ஆடுகிறது" என்று மாதத்துக்கு ஒருவராவது வந்து நிற்கிறார். குனிந்து பார்த்தால் கதை ஒன்றுதான். முன் கைகள் ரப்பர் கட்டைமேல் உட்கார்ந்திருக்கும். சஸ்பென்ஷன் ஆடவே இடமில்லை. வண்டி தாழ்ந்திருக்கிறது, ஆனால் வண்டியாக இல்லை.

இங்கே சொல்வது ஃபோக்ஸ்வேகன் டைப் 2 வண்டிக்கு, அதிலும் பே விண்டோ என்று அழைக்கப்படும் இரண்டாம் தலைமுறைக்கு மட்டும். 1967 ஆகஸ்டிலிருந்து 1979 வரை ஜெர்மனியில் தயாரானது அது. அதற்கு முந்தைய, கண்ணாடி இரண்டாகப் பிளந்த வண்டியில் பால் ஜாயின்ட் கிடையாது, கிங் பின்தான். அந்த வேலை வேறு.

முன்பக்கத்தில் காயில் ஸ்பிரிங்கைத் தேடாதீர்கள், இருக்காது. குறுக்கே ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு இரும்புக் குழாய்கள். இந்தக் கூட்டுக்குப் பெயர் பீம். குழாய்க்குள் தட்டையான எஃகுப் பட்டைகள் கட்டாக அடுக்கியிருக்கும். கட்டின் நடுப்பகுதி திருகால் குழாயோடு பூட்டப்பட்டிருக்கிறது. இரு முனையிலும் கைகள். சக்கரம் ஏறினால் கை சுழலும், பட்டைக்கட்டு முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கம்தான் ஸ்பிரிங். ஃபெர்டினாண்ட் போர்ஷே 1931இல் காப்புரிமை கோரிய ஏற்பாட்டின் வழி வந்தது.

ஆகவே இறக்க இரண்டு வழி. ஒன்று, பீமின் நடுவை வெட்டி அட்ஜஸ்டர் வைத்து வெல்டு செய்து, பட்டைக்கட்டின் நடுவையே திருப்பி விடுவது. கை மேலே போகும், உடல் கீழே வரும், ஆனால் கைக்கும் மேல் ரப்பர் கட்டைக்கும் நடுவே இருந்த இடைவெளியும் அதே அளவு போய்விடும். இன்னொன்று டிராப் ஸ்பிண்டில். அச்சு இருக்கும் இடத்தை இரண்டரை அங்குலம், அதாவது சுமார் 63 மில்லிமீட்டர், மேலே தள்ளி வார்த்த ஸ்டப் ஆக்சில். கைகள் பழைய கோணத்திலேயே இருக்கும், ஆட்டமும் அப்படியே. என் விதி: முதலில் ஸ்பிண்டில். அதன் பிறகும் ஆசை அடங்காவிட்டால் அட்ஜஸ்டரைப் பற்றிப் பேசலாம். பெரும்பாலும் அடங்கிவிடும்.

வாங்கும்முன் உங்கள் வண்டியைப் பாருங்கள், தாளைப் பார்க்காதீர்கள். 1971 மாடலிலிருந்துதான் முன்னால் டிஸ்க் பிரேக், சக்கரப் போல்ட் வட்டமும் 205இலிருந்து 112 மில்லிமீட்டராக மாறியது. டிரம் வண்டிக்கும் டிஸ்க் வண்டிக்கும் ஸ்பிண்டில் ஒன்றல்ல. ஐம்பது வருடத்தில் யாரோ எதையோ மாற்றியிருப்பார்கள்.

பிறகு அளவு. தண்ணீர்த் தொட்டி நிரம்பி, கேஸ் சிலிண்டர், மெத்தை, பாத்திரம் எல்லாம் ஏற்றி, சமதளத்தில் இரண்டு முறை முன்னும் பின்னும் உருட்டி நிறுத்திவிட்டு அளங்கள். சக்கர மையத்துக்கு நேர் மேலே தரையிலிருந்து வீல் ஆர்ச் விளிம்பு வரை. காலி வண்டியில் எடுத்த அளவு விடுமுறைக்குக் கிளம்பும் காலையில் பொய்யாகிவிடும்.

தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கிறவருக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. காலிப்பரைக் கழற்றிக் கட்டுக்கம்பியால் பீமில் கட்டுங்கள், பிரேக் ஹோஸில் தொங்கவிடாதீர்கள்.

இடது பக்கத்தில் இரண்டு பொறி இருக்கிறது. ஸ்பீடாமீட்டர் கேபிள் இடது அச்சின் ஓட்டைக்குள் புகுந்து வந்து, வீல் பேரிங் மூடியின் நடுவில் சின்ன கிளிப்பால் மாட்டியிருக்கும். கிளிப்பை எடுக்காமல் மூடியை நெம்பினால் கேபிளுக்குச் சங்கு. என் நண்பர் ஒருவர் அப்படித்தான் கோடை முழுவதும் வேகம் தெரியாமல் ஓட்டினார். இரண்டாவது, இடது அச்சின் நட் இடது மரை. கழற்ற வலப்பக்கம் திருப்ப வேண்டும். இது தெரியாமல் நீளக் குழாய் மாட்டி ஏறி மிதித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இனி எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம்: பால் ஜாயின்ட்டைப் பிரிப்பது. ஸ்டப் ஆக்சிலை மேல் கையும் கீழ்க் கையும் ஆளுக்கொரு பால் ஜாயின்ட்டால் பிடித்திருக்கின்றன. ஜாயின்ட்டின் தண்டு கூம்பு. கூம்பு ஸ்டப் ஆக்சிலின் கண்ணுக்குள் ஐம்பது வருடம் இறுகி உட்கார்ந்திருக்கிறது. முதல் வேலை, கீழ்க் கையின் அடியில் ஜாக்கி கொடுத்துத் தாங்கிக்கொள்வது. நட்டை முழுதாகக் கழற்றாதீர்கள். நான்கைந்து சுற்று தளர்த்தி, தண்டிலேயே விடுங்கள். பிரிந்தால் டப்பென்று பிரியும். நட் இல்லாவிட்டால் அந்தக் கனமான இரும்பு உங்கள் பாதத்தில் இறங்கும்.

தண்டின் முனையில் அடிக்கவே கூடாது, மரை காளான் மாதிரி விரிந்துவிடும். கவைக்கோல் மாதிரி இருக்கும் ஃபோர்க்கையும் தொடாதீர்கள். ரப்பர் பூட் கிழியும், கிழிந்தால் ஜாயின்ட்டே போச்சு. புல்லர் மாட்டி இறுக்குங்கள், இனி இறுகாது என்ற நிலைக்குக் கொண்டுவந்து நிறுத்துங்கள். இப்போது கண்ணின் பக்கவாட்டில் ஒரு கனமான சுத்தியலை அண்டக் கொடுத்து, எதிர்ப்பக்கத்தில் இன்னொரு சுத்தியலால் ஓங்கி ஒரு அடி. இரண்டு, மூன்று அடிக்குள் கண் ஒரு கணம் நெளிந்து கூம்பை விட்டுவிடும். விடவில்லையா? புல்லரை இன்னும் கால் சுற்று இறுக்கி, டீ குடிக்கப் போங்கள். திரும்பி வருவதற்குள் தானே பிரிந்து கிடந்ததை நான் இருமுறை கண்டிருக்கிறேன். பூட் பக்கத்தில் நெருப்பு மட்டும் வேண்டாம்.

மேல் கண்ணில் இன்னொரு சமாசாரம். அங்கே தண்டு நேராகக் கண்ணுக்குள் போகாது, நடுவில் மையம் விலகிய ஒரு புஷ் இருக்கும். சக்கரம் எவ்வளவு சாய்ந்து நிற்க வேண்டும் என்பதை, அதாவது கேம்பரை, அந்தப் புஷ்ஷைத் திருப்பித்தான் வைப்பார்கள். புதிய ஸ்பிண்டிலோடு அது வராவிட்டால், பழையதிலிருந்து தட்டி எடுத்து, துரு தேய்த்து, லேசாக கிரீஸ் தடவி மாற்றுங்கள். பலர் பழைய ஸ்டப் ஆக்சிலைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டு அப்புறம் அலைகிறார்கள். புஷ்ஷில் ஒரு சின்ன வெட்டு இருக்கும். தொடக்கத்தில் அது வண்டியின் முன்பக்கம் பார்த்து இருக்கட்டும், மிச்சத்தை அலைன்மென்ட் கடைக்காரர் பார்த்துக்கொள்வார்.

பூட்டும்போது நட்டோடு தண்டும் சேர்ந்து சுற்றினால் பதற வேண்டாம். கீழ்க் கையை ஜாக்கியால் தூக்கினால் கூம்பு பிடித்துக்கொள்ளும். நட்டுகள் புதிதாக இருக்கட்டும், முறுக்கு அளவு உங்கள் வண்டியின் ஆண்டுக்கான கையேட்டில் உள்ளபடி. வீல் பேரிங்குக்குப் புது கிரீஸ், புது சீல். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு நட்டுக்குப் பின்னால் உள்ள வாஷரை ஸ்க்ரூடிரைவர் முனையால் தள்ளினால் நகரும் அளவுக்குத் தளர்த்துங்கள். அதைவிட இறுக்கினால் பேரிங் வெந்துவிடும்.

சக்கரம் மாட்டியதும், வண்டியை இறக்கும்முன், ஸ்டீயரிங்கை இரு கோடிக்கும் திருப்பிச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். காலிப்பரில், பிரேக் ஹோஸில், டை ராட் எண்டில் எங்கும் உரசக் கூடாது. சத்தம் வந்தால் கல் என்று நினைக்காதீர்கள்.

டயர் விஷயத்தில் எனக்குக் கோபம் உண்டு. இந்த வண்டிக்கு உரியது 185ஆர்14, பார வண்டிக்கான சி வகை. தாழ்வாகத் தெரிய வேண்டும் என்று சாதாரண கார் டயரை மாட்டுகிறவர்கள், பக்கச் சுவரில் உள்ள பார எண்ணை ஒருமுறை படித்துவிட்டுப் பிள்ளைகளை ஏற்றட்டும்.

மூக்கை மட்டும் இறக்கினால் வண்டி முன்னோக்கிச் சாய்கிறது. முன்சக்கரத்தின் காஸ்டர் கோணம், அதாவது ஸ்டீயரிங் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு, குறைகிறது. நகரத்தில் ஸ்டீயரிங் லேசாக இருப்பது சுகம்தான், நெடுஞ்சாலையில் பக்கக்காற்று அடிக்கும்போது அதே ஸ்டீயரிங் அலையும். பின்பக்கத்தையும் கொஞ்சம் இறக்குங்கள், அதற்குத் தனியாக ஒரு சனிக்கிழமை ஒதுக்க வேண்டும். அலைன்மென்ட் செய்யாமல் நீண்ட பயணம் போகாதீர்கள், டயரின் உள்விளிம்பு தேய்ந்து கம்பி தெரியும்.

ஜெர்மனியில் இருந்தால் இந்த மாற்றத்தைப் பரிசோதகரிடம் காட்டி வண்டிப் பத்திரத்தில் ஏற்ற வேண்டும். பீமை வெட்டி வெல்டு செய்ததற்கு ஒப்புதல் வாங்குவதைவிட, உரிய சான்றோடு வந்த ஸ்பிண்டிலுக்கு வாங்குவது எத்தனையோ எளிது. பிரிட்டனில் இன்ஷூரன்ஸ்காரரிடம் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, வண்டி ஸ்டாண்டில் இருக்கும்போதே கிரீஸ் அடித்துவிடுங்கள். பீமில் நான்கு நிப்பிள், நடுவே ஸ்டீயரிங் ஆடும் கையில் ஒன்று. ஐந்தாவதை எல்லோரும் மறக்கிறார்கள். சக்கரம் தரையில் நிற்கும்போது அடித்தால் பாரம் உட்கார்ந்த பக்கத்துக்குக் கிரீஸ் சரியாகப் போவதில்லை. பழைய கறுப்புக் கிரீஸ் வெளியே பிதுங்கும்வரை அடியுங்கள், துடைக்கத் துணியை முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.