மானம் காத்த துணி, உயிர் காக்கும் துணி

முன்னுரை

‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்பது நம் நாட்டில் வழங்கும் பழமொழி. மானத்தைக் காப்பது, அழகைக் கூட்டுவது, வெயிலையும் குளிரையும் தடுப்பது ஆகியனவே துணியின் பயன்கள் என்று நாம் நெடுங்காலம் கருதி வந்துள்ளோம். ஆயின் இன்று இதயத்தினுள் வைத்துத் தைக்கப்படும் துணி உண்டு. சாலைக்கு அடியில் விரிக்கப்படும் துணி உண்டு. தீயின் முன் நின்றும் உருகாத துணி உண்டு. இவற்றைத் ‘தொழில்நுட்பத் துணிகள்’ என்பர். இவை எவ்வாறு பணி செய்கின்றன, தமிழ் பயிலும் மாணவர் இவற்றை ஏன் அறிதல் வேண்டும் என்பவற்றைத் திருவள்ளூர் மாவட்டத்துத் தேர்வாய் கண்டிகைப் பகுதியை முன்னிறுத்திக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

துணிக்கப்படுவது துணி, கூறு செய்யப்படுவது கூறை, அறுக்கப்படுவது அறுவை. தறியிலிருந்து அறுத்து எடுக்கப்பட்டதால் ஆடைக்கு ‘அறுவை’ என்னும் பெயர் பண்டு வழங்கிற்று. சங்கப் புலவருள் ஒருவர் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார். இவர் துணி வணிகர் என்பது பெயராலேயே விளங்கும். இன்றோ ‘அறுவை’ என்றவுடன் நம் நினைவுக்கு வருவது மருத்துவமனை. அன்று துணிக்குப் பெயராக நின்ற சொல் இன்று மருத்துவத்துக்குப் பெயராக நிற்கிறது. இவ்விரு பொருளும் ஒன்றுகூடும் இடமும் உண்டு. அதனைப் பின்னர்க் காண்போம்.

பழவேற்காடும் தேர்வாய் கண்டிகையும்

திருவள்ளூர் மாவட்டத்துக்குத் துணி புதிதன்று. பொன்னேரி வட்டத்துப் பழவேற்காடு, சோழமண்டலக் கடற்கரையின் பெரிய துணித் துறைமுகங்களுள் ஒன்றாக விளங்கியது. டச்சுக்காரர் 1613 ஆம் ஆண்டில் அங்குக் கெல்டிரியா என்னும் கோட்டையை அமைத்தனர். கீழை நாடுகளின் நறுமணப் பொருள்களை வாங்குவதற்கு இக்கரைத் துணியே அவர்களுக்குப் பணமாகப் பயன்பட்டது. மரக்காயர்களும் பிற வணிகர்களும் இத்துணியைக் கடல் கடந்து கொண்டு சென்றனர். மலாய் மொழியில் கட்டமிட்ட கைலியை இன்றும் ‘காயின் பெலிக்கட்’ என்றே அழைக்கின்றனர். ‘பெலிக்கட்’ என்பது பழவேற்காட்டின் பெயர்த் திரிபே ஆகும். நம் இல்லங்களில் பெரியவர்கள் அணியும் கைலியின் வழித்தடம் இம்மாவட்டத்தின் ஊடே செல்கிறது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

அதே மாவட்டத்தில், கும்மிடிப்பூண்டி வட்டத்தில் அமைந்த சிற்றூர் தேர்வாய் கண்டிகை. இன்று அவ்வூரின் பெயரை இரண்டு பணிகள் தாங்கி நிற்கின்றன. ஒன்று சிப்காட் தொழிற்பூங்கா. மற்றொன்று கண்ணன்கோட்டை - தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கம். 380 கோடி ரூபாய்ச் செலவில், 500 மில்லியன் கன அடிக் கொள்ளளவுடன் அமைந்த இந்நீர்த்தேக்கம் சென்னையின் குடிநீருக்காக 2020 நவம்பர் 21 அன்று திறந்து வைக்கப்பெற்றது. தொழிற்பூங்காவின் வரலாற்றில் ஒரு துயரமும் உண்டு. தம் மேய்ச்சல் நிலம் கைவிட்டுப் போகிறதே என்று அவ்வூர் மக்கள் போராடினர்; நீதிமன்றத்தையும் நாடினர். நிலத்தை இழந்த மக்களின் பிள்ளைகளுக்கு அறிவும் பாதுகாப்பும் உடைய வேலை கிடைத்தல் வேண்டும் என்னும் எண்ணத்துடனேயே இப்பொருளை நாம் அணுகுதல் தகும்.

தொழில்நுட்பத் துணி யாது?

தோற்றத்துக்காக அன்றி, செய்யும் வேலைக்காகவே உருவாக்கப்படும் துணி தொழில்நுட்பத் துணியாகும். இதற்கு டயர் நல்லதோர் எடுத்துக்காட்டு. தேர்வாய் கண்டிகையில் பிரெஞ்சு நிறுவனமான மிச்செலினின் டயர்த் தொழிற்சாலை உள்ளது. டயர் என்றால் ரப்பர் என்றே நாம் எண்ணுகிறோம். ரப்பர் தசை போன்றது. உள்ளிருந்து பாரத்தைத் தாங்கும் எலும்பு வேறு. அது நைலான் அல்லது பாலியஸ்டர் இழையாக இருக்கும். கனரக ரேடியல் டயர்களில் நூல்போல் முறுக்கப்பட்ட எஃகு இழையாக இருக்கும். சென்னையை அடுத்த மணலியில் நைலான் டயர் இழைத் தொழில் 1970களிலேயே தொடங்கிவிட்டது. ஆகவே, இப்பகுதித் தொழிலாளர் பலர் நெசவாலை எதிலும் கால் வையாமலே துணித் தொழிலின் ஓர் அங்கமாக இருந்து வந்துள்ளனர் எனலாம்.

தொழில்நுட்பத் துணிகளை நம் நாட்டில் பன்னிரு வகையாகப் பகுப்பர். அவற்றின் வளர்ச்சிக்கென 1,480 கோடி ரூபாயில் தேசிய இயக்கம் ஒன்றுக்கு மத்திய அரசு 2020 பிப்ரவரியில் ஒப்புதல் அளித்தது. பன்னிரண்டனுள் மருத்துவம், கட்டுமானம், காப்பு ஆகிய மூன்றை மட்டும் ஈண்டு நோக்குவோம்.

மருத்துவத் துணிகள்

புண்ணுக்குக் கட்டும் வலைத்துணி எளிய பொருளாகவே தோன்றும். ஆயின் பருத்தி இழையின் மேல் இயற்கையாகவே மெழுகுப் படலம் ஒன்று உண்டு. அதனால் பறித்த பஞ்சைத் தண்ணீரில் இட்டால் மிதக்கும். காரநீரில் வேகவைத்து மெழுகை நீக்கி வெளுத்த பின்னரே அது நீரை உறிஞ்சும். மருத்துவப் பஞ்சு தண்ணீரில் இட்ட பத்து வினாடிக்குள் மூழ்குதல் வேண்டும் என்பது மருந்தியல் நூல்கள் கூறும் அளவு. மூழ்காத பஞ்சு குருதியையும் உறிஞ்சாது. இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி, இத்தகைய கட்டுத்துணி நெசவால் நாடு முழுதும் பெயர் பெற்றுள்ளது. நம் பேட்டை மருந்துக்கடையில் வாங்கும் கட்டுத்துணி அவ்வூர் விசைத்தறியில் ஓடியதாக இருத்தல் கூடும்.

இனி உடலினுள் வைக்கும் துணி. 1950களில் அமெரிக்க அறுவை மருத்துவர் மைக்கேல் டிபேக்கி, பழுதுற்ற பெருங்குருதிக் குழாய்க்கு மாற்றாகப் பாலியஸ்டர் துணியைத் தம் மனைவியின் தையல் இயந்திரத்தில் குழாயாகத் தைத்துப் பயன்படுத்தினார். துணியின் நுண்துளைகளில் உடலின் திசு வளர்ந்து புகுந்து அதனைத் தன்னுடையதாக்கிக் கொள்கிறது. உலோகக் குழாய்க்கு இத்தகைய நெகிழ்வு இல்லை. திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் உருவாக்கிய செயற்கை இதய வால்வு 1990 டிசம்பரில் முதன்முதலாக நோயாளி ஒருவருக்குப் பொருத்தப்பட்டது. அதன் சட்டம் உலோகம். திறந்து மூடும் தட்டு நெகிழி. ஆயின் அவ்வால்வை இதயத்தோடு சேர்த்துத் தைக்க இடந்தருவது அதனைச் சுற்றியுள்ள பாலியஸ்டர் துணி வளையமே. அறுவை என்னும் சொல்லின் பழம்பொருளும் புதுப்பொருளும் ஒன்றுகூடும் இடம் இதுவேயாகும்.

2020 ஆம் ஆண்டின் பெருந்தொற்று மற்றொரு பாடத்தைத் தந்தது. மருத்துவர் அணியும் முழுக் கவச உடைக்கு அதுவரை நாம் பெரிதும் அயல்நாடுகளையே சார்ந்திருந்தோம். சில வாரங்களில் திருப்பூர் உள்ளிட்ட ஊர்களின் பனியன் கூடங்கள் கவச உடைக்கு மாறின. மே மாதத்தில் நாடு நாளொன்றுக்கு இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட உடைகளை உருவாக்கியது. அவற்றைச் சோதிக்கும் பெரும்பொறுப்பு கோவையிலுள்ள சிட்ரா என்னும் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகத்திடம் தொடக்கத்தில் வந்து சேர்ந்தது. செயற்கைக் குருதியை அழுத்தத்துடன் துணியின் மேல் செலுத்தி, மறுபுறம் கசிகிறதா என்று பார்ப்பது அச்சோதனை. துணி தேறிய இடத்தும் தையல் தோற்றது உண்டு. ஊசி நுழைந்த ஒவ்வொரு துளையும் நோய்க்கிருமிக்கு வாயிலாகும். ஆகவே தையலின் மேல் வெப்பத்தால் நாடா ஒட்டி அடைக்க வேண்டியதாயிற்று. அக்காலத்தில் மாண்டோரின் உடல்களைச் சமய வேறுபாடு பாராது நல்லடக்கம் செய்த இளைஞர்களும் இத்தகைய உடையை அணிந்தே மையவாடிக்கும் இடுகாட்டுக்கும் சென்றனர். அவர்கள் வீடு திரும்பியதில் அந்த நாடாவுக்கும் பங்கு உண்டு.

கட்டுமானத் துணிகள்

களிமண் நிலத்தின் மேல் கருங்கல் சல்லியைக் கொட்டிச் சாலை இட்டால், வண்டிப் பாரத்தால் சல்லி சேற்றில் புதையும். சேறு மேலே ஏறும். இரண்டுக்கும் இடையே ஒரு துணியை விரித்தால் கல் கல்லாகவும் மண் மண்ணாகவும் நிற்கும். நீர் மட்டும் ஊடுருவிச் செல்லும். இதுவே புவித்துணி. பிரித்தல், வடிகட்டல், நீர் வடித்தல், வலுவூட்டல் ஆகிய நான்கும் இதன் தலையாய தொழில்கள்.

ஏரிக்கரைக்கும் இதே இலக்கணம் பொருந்தும். மண் கரையில் நீர் சிறிது கசிவது இயல்பு. நீரோடு மண்ணும் வெளியேறினால் கரை உடையும். நம் முன்னோர் மணலையும் சரளையையும் அடுக்கடுக்காக இட்டு வடிகட்டினர். அவ்வேலையை இன்று சில மில்லிமீட்டர் தடிப்புடைய துணி செய்கிறது. நெதர்லாந்து நாட்டில் 1953 ஆம் ஆண்டு கடல் கரையை உடைத்து 1,800-க்கும் மேற்பட்டோரை விழுங்கிய பின்னர், அந்நாட்டார் எடுத்த கடற்காப்புப் பணிகளில் இத்தகைய செயற்கைத் துணிகள் பெரிதும் பயன்பட்டன. பழவேற்காட்டைத் தங்கள் துணிக்கிடங்காகக் கொண்டிருந்த நாட்டினரே பின்னாளில் துணியால் தம் நாட்டின் கரையைக் காத்தனர் என்பது வரலாற்றின் விந்தை. நம் தென்னை நாரும் இப்பணிக்கு உகந்தது. அது சில ஆண்டுகள் மண்ணில் கிடந்து சரிவைப் பிடித்து நிறுத்தும். புல் வேரூன்றிய பின் மக்கி மண்ணோடு கலக்கும்.

ஹஜ்ஜுப் பயணம் சென்று வந்த பெரியோர் பலர் ஜித்தா வானூர்தி நிலையத்தின் கூடார வடிவக் கூரையை நேரிற் கண்டிருப்பர். 1981 இல் நிறைவுற்ற அக்கூரை, டெஃப்லான் பூசிய கண்ணாடி இழைத் துணியால் ஆனது. வங்கத்தில் பிறந்த பொறியாளர் பஸ்லூர் ரஹ்மான் கானின் பங்களிப்பு அதில் உண்டு. வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பி, மெல்லிய ஒளியை மட்டும் உள்ளே விடும் துணி அது. சென்னைச் சேப்பாக்கம் விளையாட்டரங்கில் 2011 இல் அமைந்த கூரையும் இவ்வகையினதே.

காப்புத் துணிகள்

இப்பகுதியை எழுதும்போது நம் நெஞ்சு கனக்கிறது. நம்மிடம் இளங்கலைத் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர், படிப்பு முடிந்ததும் கும்மிடிப்பூண்டிப் பக்கத்துப் பட்டறை ஒன்றில் வெல்டிங் உதவியாளராகச் சேர்ந்தார். முதல் நாள் வேலைக்குப் பெருநாளுக்கு எடுத்த சட்டையை அணிந்து சென்றார். கசங்காது, நெடுநாள் உழைக்கும் என்று அவருடைய தாயார் தேர்ந்தெடுத்த பாலியஸ்டர் சட்டை அது. மேலங்கியோ கையுறையோ அவருக்குத் தரப்படவில்லை. தெறித்த பொறி சட்டைக் கையில் விழுந்தது. துணி எரிந்து போகவில்லை. உருகித் தோலோடு ஒட்டிக்கொண்டது. மருத்துவமனையில் அதனை உரித்தெடுக்கையில் அவர் பட்ட வேதனையை அவர் தந்தையார் நம்மிடம் கூறினார்.

பாலியஸ்டர் ஏறத்தாழ 260 பாகை செல்சியசில் உருகும். நைலானும் அவ்வாறே உருகும் இயல்புடையது. பருத்தி எரியக்கூடியதே, ஆயின் உருகாது, கருகும். ஆதலின் தடித்த பருத்தித் துணியைத் தீத்தடுப்பு வேதிப்பொருளால் பதப்படுத்தியோ, தோலாடையாகவோ வெல்டிங் தொழிலாளருக்கு வழங்குவர். தீயணைப்போர் உடைக்கு 1960களில் அராமிட் இழை வந்தது. அனல் பட்டால் இது உருகாது. கருகித் தடித்து, உடலுக்கும் நெருப்புக்கும் இடையே சுவராக நிற்கும். அவ்வினத்தின் மற்றோர் இழையாகிய கெவ்லாரை 1965 இல் ஸ்டெஃபனி குவோலெக் என்னும் பெண் வேதியியலார் கண்டறிந்தார். எடைக்கு எடை எஃகினும் ஐந்து மடங்கு வலிய அவ்விழை, குண்டு துளையாக் கவசத்திலும் வெட்டுக் காக்கும் கையுறையிலும் பயன்படுகிறது.

எத்தொழிலுக்கு எத்துணி என்பதை அறியாது அணியும் காப்பு, காப்பு ஆகாது. வெட்டைத் தடுக்கும் கையுறை அமிலத்தைத் தடுக்காது. அமிலத்தைத் தடுப்பது அனலைத் தாங்காது. 2023 இல் 19 வகைப் புவித்துணிகளுக்கும் 12 வகைக் காப்புத் துணிகளுக்கும் மத்திய அரசு தரக் கட்டுப்பாட்டு ஆணைகளை வெளியிட்டது. எனினும் ஆணை தாளில் இருக்கிறது. சட்டை உடலில் இருக்கிறது. இரண்டையும் இணைப்பது அறிவே.

தமிழ்த்துறையின் கடன்

அம்மாணவருக்கு ‘அறுவை’ என்பதன் பொருளை நாம் கற்பித்தோம். தேர்வில் அதனைச் செவ்வனே எழுதியும் இருந்தார். அவர் அணிந்த துணியின் இயல்பை அவருக்கு யாரும் கற்பிக்கவில்லை. காப்புடைகளோடு வரும் குறிப்புச் சீட்டுகளில் நாம் கண்டவை ஆங்கிலத்திலேயே இருந்தன. கற்றவர்க்கே விளங்காத எச்சரிக்கையால் தொழிலாளர்க்கு என்ன பயன்? நெய்யாத் துணி, புவித்துணி, காப்புத் துணி என்று கலைச்சொல் ஆக்குவதோடு நம் பணி முடியவில்லை. அச்சொற்கள் பட்டறைச் சுவர் வரை சென்று சேர்தல் வேண்டும்.

முடிவுரை

துணியைக் கண்ணால் பார்த்தும் கையால் தடவியும் வாங்கியது நம் மரபு. தொழில்நுட்பத் துணியின் தகுதியைக் கண்ணும் கையும் அறியா, சோதனையே அறியும். இதனை எளிய தமிழில் எடுத்துரைக்க, நம் துறை மாணவர்கள் ஒரு பக்க அளவில் காப்புடைக் குறிப்பு ஒன்றை இவ்வாண்டு உருவாக்கியுள்ளனர். கும்மிடிப்பூண்டி, தேர்வாய் கண்டிகைப் பகுதிகளில் பணிபுரியும் நம் பழைய மாணவர்கள் வழியே அதனை வழங்க எண்ணியுள்ளோம். அச்சிடுமுன் மேற்கூறிய மாணவரிடமே அதனைக் காட்டினோம். ‘செயற்கை இழைகள் குறைந்த உருகுநிலை உடையவை’ என்று நாம் எழுதியிருந்த தொடரை அவர் அடித்துவிட்டு, ‘இந்தச் சட்டை உருகித் தோலில் ஒட்டும், வெல்டிங் வேலைக்குப் போடாதீர்கள்’ என்று எழுதினார். அவர் எழுதியவாறே அச்சுக்குச் சென்றுள்ளது.