டிராகனாக வர விரும்பினால்?

மேசையைச் சுற்றி நான்கைந்து பேர் அமர்ந்து, தாளும் பென்சிலும் பகடையும் வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு வேடம் புனைந்து கதை வளர்க்கும் விளையாட்டு ஒன்று உண்டு. ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்பது அதன் பெயர். அமெரிக்கரான கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவரும் உருவாக்கிய அவ்விளையாட்டு 1974-ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஒருவர் நடுவராக இருந்து கதையையும் பகைவரையும் நடத்துவார். ஏனையோர் வீரனாகவோ, மந்திரவாதியாகவோ, குருவாகவோ கதைக்குள் நடமாடுவர். எடுத்த செயல் பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும்.

ஆட்டம் தொடங்குமுன் ஒவ்வொருவரும் தமக்குரிய பாத்திரத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும். விதிநூலில் உள்ளதைக் கேட்டால் சிக்கல் இல்லை. “நான் டிராகனாக வருவேன்” என்று ஒருத்தி கேட்டுவிட்டால்? (புனித ஜார்ஜியார் படத்தில் குதிரையின் காலடியில் கிடக்குமே, அதுதான் டிராகன்.) நடுவர் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சிறிது ஆராய்வோம்.

இக்கேள்வி புதியதன்று. 1974-இல் வந்த மூன்று சிறு நூல்களுள் முதலாவதே இதற்கு விடை கூறுகிறது. எவரும் ஏறக்குறைய எதுவாகவும் வரலாம். ஆனால் வலிமை குன்றிய நிலையில் தொடங்கிப் படிப்படியாக உயர வேண்டும் என்பதே அது. அதாவது, டிராகனாக வர விரும்புவோர் முதலில் டிராகன் குட்டியாகத்தான் வரலாம். ஐந்து ஆண்டுகளுக்குப் பின், 1979-இல், நடுவர்களுக்கென எழுதிய பெருநூலில் கைகாக்ஸின் குரல் மாறிவிட்டது. இவ்வாறு கேட்போரில் பெரும்பாலோர் மற்றவர்களை விஞ்சும் வல்லமையை நாடியே கேட்கின்றனர் என்று அவர் ஐயுற்றார். ஆயினும் இறுதி முடிவை நடுவரிடமே விட்டுவிட்டார். 1974-ஆம் ஆண்டின் விடையே நமக்குப் பிடித்திருக்கிறது. எனினும் அவருடைய ஐயத்தையும் தள்ளிவிட முடியாது.

ஆகவே நடுவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, “ஏன்?” என்பது. நெருப்பைக் கக்கி எல்லாரையும் வெல்ல வேண்டும் என்று ஒருத்தி விரும்பலாம். தனியாக வளர்ந்த ஒரு குட்டியின் கதையைச் சொல்ல வேண்டும் என்று இன்னொருத்தி விரும்பலாம். இருவரும் கேட்பது ஒன்றேயாயினும் வேண்டுவது வேறு. இதை நாங்கள் பட்டுத்தான் அறிந்தோம். கிறிஸ்துமஸ் நாடகத்தில் எல்லாரும் கபிரியேல் தூதர் வேடத்துக்குப் போட்டியிட, ஒருத்தி மட்டும் பேசும் கழுதையாக வருவேன் என்றாள். நாங்கள் சிரித்துவிட்டோம். மறுநாள் முதல் அவள் ஒத்திகைக்கு வரவில்லை. ஏன் கழுதை என்று நாங்கள் ஒருவரும் அவளிடம் கேட்கவே இல்லை.

இசைவு தந்தாலும் விலை ஒன்று வேண்டும். 2015-இல் அராகொக்ரா என்னும் பறவை மாந்தர்க்கு விதிகள் வந்தன. அவர்கள் முதற்படியிலேயே ஒரு முறைக்கு 50 அடி பறப்பர். அக்கால விதிகளின்படி மந்திரவாதியோ 5-ஆம் படியை எட்டிய பிறகே பறக்கும் மந்திரத்தைக் கற்பான். பள்ளம், மதில், ஆறு என்று நடுவர் வைத்த தடைகள் எல்லாம் பறவைக்கு ஒரு பொருட்டல்ல. கீழே நிற்கும் தோழர்களோ வாய்பார்த்து நிற்க வேண்டியதுதான். அதனால்தான் கனத்த கவசம் அணிந்தால் பறக்க முடியாது என்று விதி செய்தார்கள். 2003-ஆம் ஆண்டு விதிகள் வேறொரு கணக்குப் போட்டன. ட்ரௌ என்னும் கருநிற எல்ஃப் இனத்தவருக்கு இயல்பிலேயே உள்ள ஆற்றலை 2 படிகளாக எண்ணினர். மற்றவர் 3-ஆம் படியில் நிற்கும்போது ட்ரௌ வீரன் முதற்படியில்தான் நிற்பான். கணக்கு நியாயமானதே. ஆனால் விளையாடுகையில் அவன் இரண்டே அடியில் வீழ்ந்துவிடுவதும் உண்டு!

விலை வைத்தும் ஒரு பாத்திரம் மிஞ்சிப் போனால் என்ன செய்வது? இதற்கு ஓர் அருமையான வழி 1974-க்கு முன்பே நடந்திருக்கிறது. ஆர்னசன் தம் நண்பர்களுடன் ‘பிளாக்மூர்’ என்னும் கற்பனை நாட்டில் விளையாடி வந்தார். அதில் சர் ஃபாங் என்ற பாத்திரம் இரத்தக் காட்டேரியாகி, ஒருவராலும் அடக்க முடியாதபடி வளர்ந்துவிட்டது. ஆர்னசன் அதனைத் தடை செய்யவில்லை. காட்டேரியை எதிர்க்கவல்ல குரு ஒருவரை இன்னொரு நண்பருக்குப் பாத்திரமாகக் கொடுத்தார். சிலுவையைக் காட்டித் தீய ஆவிகளை விரட்டுபவர் அவர்.

அந்தக் குருவே பின்பு நூலில் ஏறி, வீரன், மந்திரவாதி ஆகியோருக்கு இணையாக மூன்றாம் வகைப் பாத்திரமானார். கூரிய ஆயுதம் ஏந்தக் கூடாது, தடி, கதை போன்றவற்றையே ஏந்தலாம் என்பது அக்காலத்தில் அவருக்கு இருந்த விதி. (1066-ஆம் ஆண்டுப் போரைக் காட்டும் பேயோ சித்திரத் துணியில் ஓடோ என்னும் ஆயர் தடியுடன் குதிரைமேல் வருவதை நூலகப் புத்தகங்களில் காணலாம்.) அவருக்கு வேண்டிய பொருள்களின் விலையையும் அதே 1974-ஆம் ஆண்டு நூல் தருகிறது: மரச் சிலுவை 2 பொற்காசு, வெள்ளிச் சிலுவை 25 பொற்காசு.