சர்க்கார் கட்டிக் கொடுத்த வீடுகளில் சுகாதார அபாயங்களை நீக்குதல்

வெயில், மழை, காற்று ஆகியவற்றினின்றும் குடும்பத்தைக் காப்பதற்கென்றே வீடு ஏற்பட்டது. அவ்வீடே வியாதிக்கும் விபத்துக்கும் இடமாகுமாயின், அதில் வசிப்போர் வெட்டவெளியில் இருப்பவரைக் காட்டிலும் மோசமான நிலையை அடைகின்றனர். வெட்டவெளியில் இருப்பவன் மேகத்தைப் பார்த்து எச்சரிக்கை கொள்வான். கூரைக்குக் கீழ் உறங்குபவனோ கூரையை நம்பி உறங்குகிறான். திருவள்ளூர் ஜில்லாவில், முக்கியமாகக் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள கிராமங்களில், சர்க்கார் பணத்தால் கட்டப்பட்ட பழைய வீடுகளில் இருந்துவரும் ஜனங்கள் அறியவேண்டிய விஷயங்கள் இப்பாடத்தில் கூறப்படுகின்றன.

1. இவ்வீடுகள் ஏற்பட்ட விதம்

திருவள்ளூரும் பொன்னேரியும் முற்காலத்தில் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தவை. 1920-க்குப் பின் சென்னை மாகாணத் தொழிலாளர் இலாகா ஆதி திராவிடர்களுக்கு வீட்டு மனைகளை வாங்கிக் கொடுக்கத் தொடங்கிற்று. அக்காலத்தில் கொடுக்கப்பட்டது பெரும்பாலும் மனையே. அதன்மேல் எழுந்தது மண் சுவரும் ஓலைக் கூரையுமே. சுதந்திரத்திற்குப் பிறகு வீட்டையே கட்டித் தரும் ஏற்பாடுகள் வந்தன. 1985-ஆம் ஆண்டில் இந்திரா குடியிருப்புத் திட்டம் தொடங்கியது. ஊருக்கு ஊர் "காலனி வீடு" என்றும் "தொகுப்பு வீடு" என்றும் வழங்கும் சிறு கான்கிரீட் வீடுகளில் பல இவ்விதத் திட்டங்களால் ஏற்பட்டவை. அவற்றுள் அநேகம் இருபத்தைந்து முதல் நாற்பது ஆண்டு வயதானவை. வீட்டைக் கட்டுவதற்குப் பணம் ஒதுக்கப்பட்டதேயன்றி, அதைப் பேணுவதற்குப் பல ஆண்டுகள் தனியே பணம் ஒதுக்கப்படவில்லை. இன்றைய அபாயத்தின் வேர் இதுவே.

2. கூரையிலுள்ள அபாயம்

கான்கிரீட் கூரைக்குள் இருக்கும் இரும்புக் கம்பியைக் காப்பது அதனைச் சூழ்ந்துள்ள சிமெண்டேயாகும். மேல்தளத்தில் நீர் தேங்கிக் கசியுமாயின் ஈரமும் காற்றும் கம்பியை எட்டுகின்றன, கம்பி துருப்பிடிக்கிறது. துருவானது இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தை அடைத்துக் கொள்ளும். உள்ளிருந்து தள்ளும் அந்த அழுத்தத்தால் முதலில் கம்பியின் வழியே நேர்கோடாக விரிசல் காணும். பின்பு பூச்சு உதிரும். கடைசியில் கான்கிரீட் துண்டு துண்டாக விழும். பழவேற்காட்டு ஏரியையும் கடலையும் அடுத்த கிராமங்களில் உப்புக் காற்று இக்கேட்டை மேலும் விரைவுபடுத்துகிறது. உப்பு மணலும் உப்பு நீரும் கலந்து கட்டிய வீடானால், கேடு கட்டிய நாளிலேயே உள்ளே புகுந்ததாகும்.

இது வெறும் பயமுறுத்தல் அன்று. முன்னர் இந்த ஜில்லாவைச் சேர்ந்திருந்த திருவொற்றியூரில், 1993-இல் கட்டப்பட்ட குடிசை மாற்று வாரியக் குடியிருப்பின் ஒரு பகுதி 2021-ஆம் ஆண்டு டிசம்பர் 27-ஆம் தேதி இடிந்து விழுந்தது. 24 வீடுகள் தரைமட்டமாயின. குடியிருந்தோர் விரிசலைக் கண்டு முன்னரே வெளியேறியமையால் உயிர்ச்சேதம் நேரவில்லை. விரிசலை விரிசல் என்று அறிந்தமையே அவர்களைக் காத்தது.

3. ஈரமும் இருளும்

கசியும் சுவரில் பூஞ்சணம் பிடிக்கிறது. அதன் நுண்ணிய தூள் மூச்சோடு சென்று, குழந்தைகளுக்கும் முதியோருக்கும் இருமலையும் ஆஸ்துமாவையும் அதிகப்படுத்துகிறது. ஜன்னல் இல்லாத அறையில் பலர் நெருங்கி உறங்கினால், ஒருவருக்குள்ள காசநோய் மற்றவர்க்குக் காற்றின் வழியே எளிதில் பரவும். எதிரெதிராக இரண்டு திறப்புகள் இருப்பின் அக்காற்று வெளியேறிவிடும். விறகடுப்பின் புகை வெளியேற வழியில்லாத வீட்டில், சமைக்கும் பெண்களின் நுரையீரல் நாள்தோறும் கெடுகிறது. உலக சுகாதார ஸ்தாபனம் 2018-இல் வெளியிட்ட வீட்டுச் சுகாதார நெறிமுறைகளும் நெருக்கடி, உஷ்ணம், வீட்டு விபத்துகள் ஆகியவற்றை வியாதியின் காரணங்களாகவே கொண்டன.

4. கண்ணுக்குத் தெரியாத அபாயங்கள்

கூரை ஒழுகும்போது அநேகர் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் தகடுகளை வாங்கிப் போடுகின்றனர். விலை குறைவு, வேலையும் ஒரே நாளில் முடியும். ஆனால் ஆஸ்பெஸ்டாஸில் எல்லா வகையும் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. தகடு முழுமையாக இருக்கையில் தூள் குறைவு; அதை அறுத்தாலும், துளையிட்டாலும், உடைத்தாலும் நுண்ணிய நார்கள் காற்றில் கலக்கின்றன. அவற்றின் விளைவு பல ஆண்டுகளுக்குப் பின்னரே தெரியும். மேலும், சித்திரை வைகாசி மாதங்களில் அத்தகட்டின் கீழ் உள்ள வெப்பம் கைக்குழந்தைகளுக்குத் தாங்கத்தக்கதன்று.

இரண்டாவது, ஈயம். பழைய கதவு, ஜன்னல்களின் எனாமல் வர்ணங்களில் ஈயம் இருக்கக்கூடும். இந்தியாவில் வர்ணங்களிலுள்ள ஈயத்தைப் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படாதபடி வரையறுத்த விதிகள் 2016-இல் செய்யப்பட்டு, 2017 நவம்பர் முதல் அமலுக்கு வந்தன. அதற்கு முன் பூசிய வர்ணத்தை உலர்ந்தபடியே சுரண்டுவது ஆபத்தானது. அத்தூள் குழந்தைகளின் வாய்க்குச் சென்றால் மூளை வளர்ச்சியைக் குறைக்கும். ஈயம், இரும்பு முதலியவற்றை உருக்கும் ஆலைகளில் வேலை செய்வோர், அவ்வுடையுடனே வீட்டிற்குள் வந்து குழந்தையைத் தூக்குவதும் இவ்வகை அபாயமே. அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1971-இல் ஈய வர்ணத்தைப் பற்றித் தனிச் சட்டம் செய்தனர். 1978-இல் வீடுகளில் அவ்வர்ணத்தை விலக்கினர். 1992-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் ஸ்தல ஸ்தாபனங்களுக்கு மானியம் கொடுத்துப் பழைய வீடுகளினின்றும் அதனை நீக்கி வந்தனர். அபாயத்தை விலக்கும் செலவு வீட்டுச் செலவில் ஒரு பகுதியே என்பதை அந்நாட்டார் ஒப்புக்கொண்டதற்கு இது அடையாளம்.

5. சர்க்கார் ஒதுக்கிய பணம்

தமிழ்நாட்டில் சமீப ஆண்டுகளில் இதன்பொருட்டு ஒதுக்கப்பட்ட தொகைகள் கவனிக்கத்தக்கவை. 2024-இல் அறிவிக்கப்பட்ட கலைஞர் கனவு இல்லத் திட்டத்தில் வீடு ஒன்றுக்கு 3,50,000 ரூபாய் வைக்கப்பட்டது. வீட்டின் பரப்பு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடி கான்கிரீட் கூரையாக இருத்தல் வேண்டும். மீதிப் பகுதிக்கும் ஓலையோ ஆஸ்பெஸ்டாஸோ கூடாது என்பது நிபந்தனை. அதே ஆண்டில், 2001-க்கு முன் சர்க்கார் திட்டங்களில் கட்டப்பட்ட 2,50,000 கிராம வீடுகளைப் பழுதுபார்க்க 2,000 கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டது. 2025-இல், பழுதுபார்க்க முடியாத நிலையை அடைந்த 25,000 பழைய வீடுகளை மீண்டும் கட்ட 600 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது.

கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்று உண்டு. இவ்வித முகாம்களில் சிதைந்த வீடுகளுக்குப் பதிலாக 7,469 புதிய வீடுகளை மாகாணமெங்கும் கட்ட, 2021 ஆகஸ்டில் 231.54 கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டது. அவற்றுள் 1,591 வீடுகள் 2023 செப்டம்பரில் திறக்கப்பட்டன.

இத்தொகைகளை வீட்டுக்கு வீடு வகுத்துப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். பழுது நீக்கும் திட்டத்தில் சராசரியாக வீட்டுக்கு 80,000 ரூபாய். மறுபடி கட்டுவதற்கு 2,40,000 ரூபாய். அதாவது, காலத்தில் பழுது பார்க்காத வீட்டிற்கு மூன்று மடங்கு செலவாகிறது. தாமதத்தின் விலையைப் பணத்தால் அளந்தால் இவ்வளவு; கூரையின் கீழ் உறங்குபவரின் உயிரால் அளந்தால் கணக்கே இல்லை.

6. பணத்தைச் செலவிடும் முறை

கைக்கு வந்த தொகையைக் கண்ணுக்கு அழகாகத் தோன்றும் வேலையில் முதலில் செலவிடுவது பெருந்தவறு. விரிசலின்மேல் சுண்ணாம்பு அடித்தால் விரிசல் மறையுமேயன்றித் தீராது. வேலையின் வரிசை பின்வருமாறு இருத்தல் நலம்.

முதலாவது, நீரை வெளியேற்றுதல். மேல்தளத்திற்குச் சரிவும் நீர் விழும் குழாயும் சரியாக அமைய வேண்டும். இரண்டாவது, உதிரும் நிலையிலுள்ள கான்கிரீட்டை முழுதும் தட்டி எடுத்து, கம்பியைத் துரு நீங்கத் தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சிட்டு, நல்ல கலவையால் மூடுதல். கம்பி பாதியாகத் தேய்ந்திருந்தால் பூசி மூடலாகாது. பொறியாளரை அழைத்துக் காட்ட வேண்டும். மூன்றாவது, எதிரெதிர் ஜன்னல்களும் அடுப்புப் புகைக்குப் போக்கும். நான்காவதுதான் சுவரும் வர்ணமும். பழைய வர்ணத்தை நீர் தெளித்து ஈரமாக்கியே சுரண்ட வேண்டும். அவ்வேளையில் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வெளியே இருத்தல் அவசியம்.

புதுக் கூரை போடுவோர் கம்பிக்கும் கூரையின் அடிப்பரப்புக்கும் இடையே 20 மில்லிமீட்டருக்குக் குறையாமல் கான்கிரீட் இருக்கும்படியும், கடலோரத்தில் அதனினும் கூடுதலாக இருக்கும்படியும் பார்க்க வேண்டும். கான்கிரீட் போட்டபின் ஏழு நாட்களுக்குக் குறையாமல் நீர் கட்டி ஈரம் காக்க வேண்டும். கொத்தனார் அவசரப்பட்டாலும் வீட்டுக்காரர் இதில் விட்டுக்கொடுக்கலாகாது.

7. யாருக்கு முதலில்?

ஒதுக்கிய பணம் எல்லா வீடுகளுக்கும் ஒரே ஆண்டில் போதாது. ஆகவே வரிசை வகுப்பது கிராமத்தின் பெரும் பொறுப்பாகிறது. கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய தினங்களில் கூடுகிறது. அங்கே, செல்வாக்குள்ளவர் வீடு முதலில் என்பதை விடுத்து, கான்கிரீட் உதிரும் வீடு முதலில், குழந்தையும் நோயாளியும் உள்ள வீடு அடுத்து என்னும் முறையைக் கைக்கொண்டால் ஒருவரும் குறை கூற இடமிராது.

ஒரு குறை மட்டும் எஞ்சி நிற்கிறது. வீடு கட்டும் திட்டங்கள் பட்டாவைக் கேட்கின்றன. ஏரிக்கரையிலும் ஓடையோரத்திலும் பட்டாவின்றி வசிக்கும் இருளர் முதலியோரும், ஆலைகளை அடுத்து வரிசை அறைகளில் வாடகைக்கு நெருங்கியிருக்கும் வெளிமாகாணத் தொழிலாளரும், அதிக அபாயத்தில் இருந்தும் மானியத்தின் எல்லைக்கு வெளியே நின்றுவிடுகின்றனர். ஆதலின் மனைப் பட்டா கோரும் மனுவை முதற்படியாகக் கொண்டு கிராம சபையில் தீர்மானம் செய்வதும் வீட்டுச் சுகாதார வேலையே. கூரையைக் காக்கும் பணம் மனையின் வாசலில் தடைப்படலாகாது.

சிந்திக்கத்தக்க வினாக்கள்

1. கம்பியின் வழியே நேர்கோடாகக் காணும் விரிசல் எதனைக் குறிக்கிறது?
2. ஒழுகும் கூரைமேல் ஆஸ்பெஸ்டாஸ் தகடு போடுவது ஏன் பரிகாரமாகாது?
3. உங்கள் ஊரில் 2001-க்கு முன் சர்க்கார் கட்டிய வீடுகள் எத்தனை? அவற்றுள் கான்கிரீட் உதிர்வன எத்தனை?
4. அவ்வீடுகளின் ஜாபிதாவை அடுத்த கிராம சபையில் எவர் சமர்ப்பிப்பார்?
5. பட்டா இல்லாமையால் ஜாபிதாவில் சேராத குடும்பங்கள் எவை?