மகளின் கட்டணமா, மகள்களின் கட்டணமா?

கல்வி உதவி கேட்டு ஆவடியிலிருந்து ஒரு தாய் ஆங்கிலத்தில் எழுதிய விண்ணப்பம் எங்களுக்கு வந்தது. “மை டாட்டர்ஸ் ஃபீஸ்” கட்ட உதவ வேண்டும் என்று கேட்டிருந்தார். எங்கும் மேல்காற்புள்ளி இல்லை. பள்ளியில் அபாஸ்ட்ரஃபி என்று சொல்வார்களே, அதுதான். ஒரு மகளுக்கென்று தொகையைக் குறித்துவிட்டோம். பிறகு சந்தேகம் வந்து போன் செய்தோம். “ரெண்டு பேருங்க. பெரியவ பிளஸ் டூ, சின்னவ எட்டாவது” என்றார். கேட்காமல் விட்டிருந்தால் சின்னவளின் கட்டணம் விடுபட்டிருக்கும்.

இதில் காதை நம்ப முடியாது. ஒரு மகளுடையது என்றாலும், பல மகள்களுடையது என்றாலும், வெறுமனே மகள்கள் என்றாலும் ஒலி “டாட்டர்ஸ்”தான். கண்ணுக்கு மட்டுமே வேறுபாடு தெரியும்.

நமக்குத் தமிழே வழி காட்டுகிறது. சொல்ல வந்ததைத் தமிழில் ‘உடைய’ சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். ‘உடைய’வை எடுத்தால் மிஞ்சுவதை ஆங்கிலத்தில் முழுதாக எழுதி, உடனே புள்ளியைப் போடுங்கள். மகளுடைய என்றால் மிஞ்சுவது மகள், ஆகவே “டாட்டர்’ஸ்”. மகள்களுடைய என்றால் மிஞ்சுவது மகள்கள். அந்தப் பன்மைச் சொல்லே எஸ் எழுத்தில் முடிவதால், “டாட்டர்ஸ்’” என்று புள்ளியோடு நிறுத்திவிடலாம். “சில்ட்ரன்”, “விமன்” போன்றவை எஸ் இல்லாமலே பன்மை. அவற்றுக்குப் புள்ளியும் வேண்டும், எஸ்ஸும் வேண்டும்: “சில்ட்ரன்’ஸ்”, “விமன்’ஸ்”. “பிரதர்’ஸ் ஹவுஸ்” ஒரு சகோதரரின் வீடு. “பிரதர்ஸ்’ ஹவுஸ்” பலருக்குப் பங்குள்ள வீடு. பாகப் பிரிவினை பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை!

இந்தப் புள்ளி எங்கிருந்து வந்தது? பழைய ஆங்கிலத்தில் பல சொற்களுக்கு உடைமையைக் காட்ட இ, எஸ் என்ற இரண்டெழுத்து விகுதி இருந்தது. காலப்போக்கில் இ உதிர்ந்தது. அந்த வெற்றிடத்தில்தான் புள்ளி நிற்கிறது.

“ஹிஸ்”, “ஹெர்ஸ்”, “அவர்ஸ்”, “யுவர்ஸ்” ஆகியவற்றுக்குப் புள்ளியே கிடையாது. ‘அதனுடைய’ என்னும் “இட்ஸ்” இதே குடும்பம். புள்ளி வைத்தால் “இட் இஸ்” என்று பொருள் மாறிவிடும். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் சறுக்குவது இங்கேதான்.

அம்பத்தூரிலும் பூந்தமல்லியிலும் கடைப் பலகைகளில் “மொபைல்’ஸ்”, “ரோல்’ஸ்” என்று பார்க்கிறோம். அவை வெறும் பன்மை, புள்ளி வேண்டாம். கடையின் பெயர் என்றால் அது உரிமையாளர் விருப்பம். 1844-இல் தொடங்கிய அண்ணா சாலைப் புத்தகக் கடை ஹிக்கின்பாதம்ஸ் புள்ளியில்லாமல்தான் எழுதப்படுகிறது, ஸ்பென்சர்’ஸ் புள்ளியோடு. தேர்வுத் தாளில் அந்தச் சலுகை இல்லை.

அப்பாஸ், இல்யாஸ் போன்ற பெயர்களுக்குப் புள்ளிக்குப் பின் எஸ் சேர்ப்பதும் உண்டு, விடுவதும் உண்டு. இரண்டும் சரியே, ஒரே கடிதத்தில் மாற்றி மாற்றி எழுதாதீர்கள்.

பயிற்சிக்கு மூன்று: ‘அண்ணன்மாருடைய கடை’, ‘பிள்ளைகளுடைய புத்தகங்கள்’, ‘அதனுடைய விலை’. ஆங்கிலத்தில் எழுதி நம் அலுவலகத்தில் கொடுங்கள், திருத்தித் தருகிறோம். விண்ணப்பம் எழுதுவோர் பிள்ளைகளின் எண்ணிக்கையை எண்ணாலும் குறித்துவிடுங்கள்.