குடிநீரைப் பிறப்பிடத்திலேயே காத்தல்

(கொசஸ்தலையாற்றுப் பிரதேசத்துச் சங்க அங்கத்தினர்களுக்கு ஒரு பாடம்)

மூலக்கொத்தளத்தில் குழாயைத் திறப்பவர், அந்நீர் பிறந்த இடத்தைப் பற்றி எண்ணுவதில்லை. அதைக் காக்கவோ கெடுக்கவோ வல்லவர்கள் ஆற்றங்கரையிலும் ஏரிக்கரையிலும் வாழும் கிராமத்தாரே. அவ்வாறு காப்பதனால் நகரத்தாருக்கு மட்டுமன்றி நமக்கும் நன்மையுண்டு என்பதை இப்பாடம் விளக்கும்.

நீர் வந்த வழி

1772-இல் ஏழு கிணற்றிலிருந்து கோட்டைக்கு நீர் அனுப்பப்பட்டது. நகரம் பெருகவே அது போதவில்லை. 1872-இல் பிரேசர் என்னும் இஞ்சினீயரின் திட்டப்படி, கொசஸ்தலையாறு தாமரைப்பாக்கத்தில் தடுக்கப்பட்டுச் சோழவரம், புழல் ஏரிகளுக்குத் திருப்பப்பட்டது. புழலிலிருந்து கீழ்ப்பாக்கம் வரையில் திறந்த மண் கால்வாயே இருந்தது. நீரை வடிகட்டும் ஏற்பாடும் இல்லை. ஆகவே வழியிற் சேர்ந்த அசுத்தமெல்லாம் குடத்திற்கே வந்து சேர்ந்தது. 1914-இல் மூடிய கால்வாயும் மணல் வடிகட்டிகளும் அமைந்த பின்பே இக்குறை நீங்கிற்று. 1944-இல் பூண்டி நீர்த்தேக்கம் கட்டி முடிக்கப்பட்டது.

வடிகட்டியால் நீங்காத கேடு

மணல் வடிகட்டி சேற்றையும் கிருமிகளையும் தடுக்கும், உப்பைத் தடுக்காது. கடலோரத்தில் மழைநீர் பூமிக்குள் இறங்கி, கனமான உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்திற்கு மேல் 1 அடி நன்னீர் நிற்குமாயின், அதன் கீழே சுமார் 40 அடி நன்னீர் இருக்கும் என்பது பொதுக் கணக்கு. மேலே 1 அடி குறைந்தால் கீழிருந்து உப்பு எவ்வளவு ஏறும் என்பதை அங்கத்தினர்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

மீஞ்சூர்ப் பக்கத்தில் நேர்ந்தது இதுவே. நகரத்திற்காகவும் வடசென்னைத் தொழிற்சாலைகளுக்காகவும் ஆழ்கிணறுகளும், பயிருக்காக விவசாயிகளின் பம்புகளும், பெய்த மழைக்கு மேற்பட இறைத்தன. உப்பு கடற்கரையிலிருந்து பல மைல் உள்ளே புகுந்தது. 1987-இல் நிலத்தடி நீரைக் கட்டுப்படுத்தச் சட்டம் பிறந்தது. 2010-இல் மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை திறக்கப்பட்டது. வானம் விலையின்றித் தருவதை மின்சாரம் செலவிட்டுப் பெற வேண்டியதாயிற்று.

சங்கத்திற்கு இதில் என்ன?

கிணறு வெட்டவும் பம்பு வைக்கவும் சங்கத்திற் கடன் பெறுகிறோம். கிணறு உப்பானால் நெல் விளையாது. விளைவின்றித் தவணை கட்ட இயலாது. ஈடாக வைத்த நிலமும் விலை போகாது. ஜாமீன் நின்ற அயலாரும் துன்புறுவர். ஒருவர் லாரிக்காரருக்கு நீரை விற்றுப் பெறும் பணம், ஊரார் அனைவரின் முதலிலிருந்து எடுத்ததேயாகும்.

செய்யத்தக்கவை

1. ஏரி, வரத்துக்கால் இவற்றை மழைக்கு முன் தூர்வாருக. ஏரி நிறைந்தால் கிணறும் ஊறும்.

2. ஆற்று மணலை அள்ள விடாதீர். மணலே மழைநீரை நிறுத்திப் பூமிக்குள் இறக்குவது.

3. கக்கூஸ், எருக்குழி இவை கிணற்றுக்கு 50 அடிக்குக் குறையாமல் விலகியிருக்கட்டும். கிணற்றுக்குச் சுற்றுச்சுவரும் சிமெண்டுத் தளமும் கட்டுக.

4. பூச்சிமருந்து தெளித்த கருவிகளை ஏரியிலோ கால்வாயிலோ கழுவாதீர்.

5. கோடையில் குறைந்த நீரில் விளையும் பயிரிடுக.

6. ஆண்டுதோறும் சித்திரையிலும் மார்கழியிலும் கிணற்று நீரின் மட்டத்தை அளந்து, சங்கப் புத்தகத்தில் பதிக. கடன் பாக்கியைப் பார்ப்பதுபோல் அதையும் பார்த்து வருக.

அடுத்த பொதுக்கூட்டத்தில் ஆலோசிக்க: நம் ஊர்க் கிணறுகளின் மட்டம் 10 வருஷங்களுக்கு முன் எவ்வளவு? இன்று எவ்வளவு? புதிய கிணற்றுக்குக் கடன் கேட்போருக்கு இவ்விரண்டையும் பாராமல் சிபார்சு செய்யலாமா?